பிராசஸரா, கிராஃபிக்ஸ் கார்டா: ஏஎம்4 கேமிங் கணினியில் முதலில் எதை மாற்றுவது?

2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2020-இலும் நடுத்தர விலையில் கேமிங் கணினி பொருத்தி வாங்கியவர்களில் பலரிடம் இன்றும் ஏறத்தாழ ஒரே அமைப்புதான் இருக்கிறது: ரைசன் 5 3600 பிராசஸர், ஏஎம்4 சாக்கெட் (பிராசஸரைச் செருகும் இடம்) கொண்ட பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 1080பி மானிட்டர். அன்றைய நிலையில் அது நல்ல தேர்வு. இன்று புதிய கேம்கள் அதில் திணறுகின்றன. கையில் இருக்கும் பணமோ ஒரு பொருளுக்குத்தான் போதும். கடைக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் கார்டை மாற்றச் சொல்வார், ஏனெனில் கேமிங் கணினியில் விலை உயர்ந்த பொருள் அதுதான். நண்பரைக் கேட்டால் தாம் கடைசியாக எதை வாங்கினாரோ அதைச் சொல்வார். அவர்கள் சொல்வது தற்செயலாகச் சரியாகவும் அமையலாம். ஆனால் உறுதியான விடையை உங்கள் கணினியே தரும். அதற்கு அரை மணி நேர அளவீடு போதும், செலவு எதுவும் இல்லை.

மேலே சொன்ன அமைப்பை எடுத்துக்காட்டாக வைத்தே இதை எழுதுகிறேன். உங்களிடம் ரைசன் 5 2600 இருந்தாலும், இன்டெல் ஐ5 இருந்தாலும், அளக்கும் முறை ஒன்றுதான்; சாக்கெட் தொடர்பான விவரங்கள் மட்டும் வேறுபடும்.

அளந்து பார்த்தல்

திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், இரண்டு கட்ட வேலை இருக்கிறது. எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எந்தப் பொருள் எதன் மீது மோதுகிறது, எவற்றையெல்லாம் வரைய வேண்டும் என்று முடிவு செய்து கட்டளைகளை அடுக்கித் தருவது பிராசஸர். அந்தக் கட்டளைகளின்படி படத்தை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. சித்தாள் செங்கல் எடுத்துக் கொடுக்கும் வேகத்தை மீறிக் கொத்தனார் சுவர் எழுப்ப முடியாது. கொத்தனார் மெதுவானவர் என்றால் சித்தாள் எவ்வளவு விரைந்தாலும் செங்கல் குவியுமே தவிரச் சுவர் உயராது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு கட்டமும் 16.7 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். 144 ஃபிரேம் வேண்டுமானால் 6.9 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். இரண்டில் எது அந்த நேரத்துக்குள் முடிக்கத் தவறுகிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும்.

இதைப் பார்ப்பதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளையும் அதனுடன் வரும் ரிவாடியூனரையும் நிறுவிக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் இது வேலை செய்யும். கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, கார்டு மெமரியின் அளவு, பிராசஸரின் ஒவ்வொரு திரெட்டின் (ஒரே நேரத்தில் நடக்கும் தனி வேலைத்தொடரின்) பயன்பாடு, இரண்டின் வெப்பநிலை, ஃபிரேம் நேரத்தின் வரைகோடு ஆகியவற்றைத் திரையின் மூலையில் காட்டும்படி அமைத்துவிட்டு, கேமின் அமைப்புகளில் வி-சிங்க்கையும் (ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பிணைக்கும் அமைப்பு) ஃபிரேம் வரம்பையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். வரம்பு இருக்கும்போது இரண்டு பாகங்களும் ஓய்வாக இருப்பதுபோல் தோன்றும்; அளவு முழுவதும் பொய்யாகிவிடும்.

பிறகு நீங்கள் உண்மையிலேயே அவதிப்படும் இடத்துக்குச் செல்லுங்கள். கேமுடன் வரும் பெஞ்ச்மார்க் காட்சி பெரும்பாலும் கார்டைத்தான் சோதிக்கும். பால்டர்ஸ் கேட் 3 விளையாடுபவருக்கு முதல் அத்தியாயத்துக் காட்டில் வராத திணறல், மூன்றாம் அத்தியாயத்து நகரத்தில் நூற்றுக்கணக்கான மனிதர்களுக்கு நடுவே வரும். அளக்க வேண்டிய இடம் அந்த நகரம்தான். அங்கே ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நின்றால் தடை கார்டில் இருக்கிறது. அது 60, 70 என்று அலைந்துகொண்டிருக்க, ஃபிரேம் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தால், தடை பெரும்பாலும் பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸரின் மொத்தப் பயன்பாடு 35 விழுக்காடு என்று பார்த்து, பிராசஸர் சும்மா இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரைசன் 5 3600-இல் 12 திரெட்டுகள் உள்ளன. கேமின் முதன்மை வேலை அவற்றில் ஒன்றிரண்டின் மீதே விழுகிறது. அந்த ஒன்று மூச்சுமுட்டி நிற்கும்போது மற்றவை காத்திருக்கின்றன. 12 திரெட்டுகளின் சராசரி அந்த ஒன்றின் நெருக்கடியை மறைத்துவிடும். ஆகவே பிராசஸர் எண்ணைப் பார்த்துப் பிராசஸரை எடைபோடாதீர்கள். கார்டின் எண்ணைப் பாருங்கள். கார்டு காத்திருக்கிறது என்றால் அதற்கு வேலை கொடுக்க வேண்டியவர் தாமதம் செய்கிறார் என்றுதான் பொருள்.

ஐயம் நீங்க இன்னொரு சோதனையும் உண்டு. அதே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை (திரையில் வரையும் புள்ளிகளின் அளவை) 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விடும். பிராசஸரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் புதிய கார்டு உங்களுக்குப் பயன் தரும். 58 என்று இருந்தது 60 ஆனது, அவ்வளவுதான் என்றால், எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கினாலும் அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அந்த 60தான். இச்சோதனையைச் செய்யாமல் நானும் ஒருமுறை கார்டுக்குப் பணம் கட்டி, கேமின் தோற்றம் அழகானதையும் திணறல் அப்படியே இருந்ததையும் ஒருசேர அனுபவித்திருக்கிறேன்.

சராசரி ஃபிரேம் எண்ணிக்கையுடன் 1 விழுக்காட்டுத் தாழ்நிலை (மிக மெதுவான 1 விழுக்காடு ஃபிரேம்களின் வேகம்) என்ற எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சராசரி 90 ஆக இருந்தும் தாழ்நிலை 35 ஆக இருக்கும் கணினியைவிட, சராசரி 70-உம் தாழ்நிலை 58-உம் உள்ள கணினி விளையாடுவதற்கு மிகவும் இதமானது. நல்ல பிராசஸர் பெரும்பாலும் இந்தத் தாழ்நிலையைத்தான் உயர்த்தித் தரும். விளம்பரப் படங்களில் இந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுவதில்லை.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

எந்தப் பாகத்தையும் வாங்காமலேயே சரியாகிவிடும் குறைகள் சில உண்டு. முதலாவது ரேம். 16 ஜிபி என்பது ஒரே குச்சியாக இருந்தால், மெமரியின் இரண்டு வழிகளில் ஒன்று மூடியே கிடக்கிறது. கேம்களில் இதனால் ஏற்படும் இழப்பு சிறியதன்று. இரண்டு குச்சிகள் இருந்தும் அவை ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே வழிக்குரிய இடங்களில் செருகப்பட்டிருந்தால் பயன் இல்லை. பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவதே பெரும்பாலான மதர்போர்டுகளில் முறை. பெட்டியில் 3200 என்று எழுதியிருக்கும் ரேம், பயாஸில் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) எக்ஸ்எம்பி என்னும் ரேம் வேக அமைப்பை இயக்காதவரை 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். ரைசன் பிராசஸர்களில் மெமரி வேகம் பிராசஸரின் உள்தொடர்பு வேகத்தோடு பிணைந்திருப்பதால், இந்த ஒரு மாற்றமே உணரத்தக்க வேறுபாட்டைத் தரும்.

அடுத்தது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை (நொடிக்கு 144 முறை படத்தை மாற்றக்கூடியது) வாங்கிவிட்டு விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. மூன்றாவது வெப்பம். ரைசன் 5 3600-இன் உச்ச வரம்பு 95 டிகிரி. மே மாதத்துச் சென்னையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், ஐந்து ஆண்டுகளாகத் தூசு தட்டாத கூலரும் பிராசஸரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதும் சேர்ந்தால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு குழாய்ப் பேஸ்ட்டும் ஒரு தூரிகையும் தீர்க்கக்கூடிய சிக்கலுக்குப் புதிய பிராசஸர் வாங்க வேண்டியதில்லை.

பிராசஸர்: மதர்போர்டுப் பலகையை மாற்றாமல் எவ்வளவு தூரம் போகலாம்

தடை பிராசஸரில்தான் என்று உறுதியானால், ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏஎம்டி 2017-இல் ரைசனுடன் பரவலாக்கிய இந்தச் சாக்கெட்டில் 2024-இல்கூடப் புதிய பிராசஸர் வெளிவந்தது. பி450 பலகையில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு 5000 வரிசைப் பிராசஸரைச் செருகினால் போதும். ரேமும் கேபினட்டும் விண்டோஸும் அப்படியே இருக்கும். பி350, ஏ320 போன்ற முதல் தலைமுறைப் பலகைகளுக்கும் 2022-இல் ஏஎம்டி வழி திறந்துவிட்டது. ஆயினும் உங்கள் பலகையின் துல்லியமான மாதிரிப் பெயரைக் கொண்டு, தயாரிப்பாளரின் தளத்திலுள்ள பிராசஸர் ஆதரவுப் பட்டியலைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பிராசஸரின் பெயருக்கு எதிரே அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பு எண்ணும் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3600-க்கும் 5600-க்கும் இடையே கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். ஆயினும் கேம்களில் 5600 தெளிவாக முந்துகிறது. 3600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி), 16 எம்பியாக இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும். மூன்று கோர்கள் ஒரு பாதியையும் மற்ற மூன்று அடுத்த பாதியையும் பயன்படுத்தும். 5600-இல் ஆறு கோர்களும் 32 எம்பியையும் ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. கேம் நிரல்கள் ஒரே தகவலை மீண்டும் மீண்டும் தேடுபவை. தேடிய தகவல் கேஷில் கிடைத்தால் உடனே வேலை நடக்கும், கிடைக்காவிட்டால் ரேம் வரை போய்வரும் வரையில் கோர் காத்திருக்கும்.

இந்த உண்மையை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டதுதான் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. பிராசஸர் சில்லின் மேலேயே 64 எம்பி கேஷை அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கினார்கள். அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், கூடுதல் கேஷ் இல்லாத 5800எக்ஸின் 4.7-ஐவிடக் குறைவு. அப்படியிருந்தும் கேம்களில் அது முந்தியது. கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்துப் பிராசஸர் வாங்கும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. 2024-இல் வந்த 5700எக்ஸ்3டியும் அதே 96 எம்பி கேஷைச் சற்றுக் குறைந்த வேகத்தில் தந்தது. இவ்விரண்டும் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. நியாயமான விலையில் கண்ணில் பட்டால், உங்கள் பலகை இன்னும் சில ஆண்டுகள் தாங்கும் என்று நம்பி வாங்கலாம். இவற்றுடன் கூலர் வருவதில்லை என்பதையும், 3600-உடன் வந்த சிறிய கூலர் இவற்றுக்குப் போதாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை கிடைக்காவிட்டால் 5600 போதும். கேமுடன் ஒளிபரப்பும் காணொளித் தொகுப்பும் செய்பவர்கள் மட்டும் எட்டுக் கோர் கொண்ட 5700எக்ஸை எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 5500, 5600ஜி, 5700 ஆகிய மூன்றும் 5600, 5700எக்ஸ் ஆகியவற்றின் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். ஆனால் அவற்றில் எல்3 கேஷ் 16 எம்பி மட்டுமே, கார்டைப் பலகையோடு இணைக்கும் பிசிஐஇ வழியும் 3.0 பதிப்புடன் நின்றுவிடும். 5700-க்கும் 5700எக்ஸுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு, உள்ளே இருப்பதோ வேறு சில்லு. கடையில் விலைச்சீட்டு எழுதும்போது இந்த ஓர் எழுத்து எளிதில் விடுபடும். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள்.

இன்டெல் வைத்திருப்போர் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஏமாறக் கூடாது. ஆறு, ஏழாம் தலைமுறைகளும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைகளும் எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரைத் தாங்கினாலும், பழைய 100, 200 வரிசைப் பலகைகளில் எட்டாம் தலைமுறைப் பிராசஸர் ஓடாது. எல்ஜிஏ1700 பலகை வைத்திருப்பவர்களுக்கு 12-ஆம் தலைமுறையிலிருந்து 14-ஆம் தலைமுறை வரை வழி திறந்திருக்கிறது. 13, 14-ஆம் தலைமுறைகளின் உயர்நிலைப் பிராசஸர்களில் மின்னழுத்தம் மிகுந்து நிலைத்தன்மை கெடும் குறை வெளிப்பட்டு, 2024 ஆகஸ்ட் முதல் இன்டெல் அதற்கான திருத்தங்களை வெளியிட்டது. ஆகவே அத்தகைய பிராசஸரைப் பழையதாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதியதை வாங்கினாலும் முதல் வேலையாகப் பயாஸைப் புதுப்பியுங்கள்.

ஏஎம்5-க்குத் தாவிவிடலாமா என்ற கேள்வி இயல்பானது. அந்தத் தளம் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால் பிராசஸர், பலகை, ரேம் என்று மூன்று செலவு சேர்ந்து வரும். 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் மூன்றாவது செலவே மலைக்க வைக்கும். கையிலிருக்கும் டிடிஆர்4 ரேமுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றுவதே பெரும்பாலோருக்கு அறிவுடைய செலவு என்று கருதுகிறேன்.

கிராஃபிக்ஸ் கார்டு: மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்

1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன, 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். கார்டின் வேலை ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. ஆகவே கார்டு வாங்குமுன், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எந்த மானிட்டரில் விளையாடப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாற்றும் எண்ணமே இல்லாதவருக்கு உயர்நிலைக் கார்டு வீண். அவர் கதை சார்ந்த பெரிய கேம்களை விளையாடுபவராக இருந்தால், 3600-ஐ வைத்துக்கொண்டு நடுத்தரக் கார்டு வாங்கினாலே போதும். மாறாக, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலரன்ட்டும் கவுண்டர்-ஸ்டிரைக் 2-உம் விளையாடுபவர், தரத்தை எல்லாம் குறைத்து வைத்து ஆடுவதால், கார்டு பெரும்பாலும் காத்துக்கொண்டுதான் இருக்கும். அவருடைய பணம் பிராசஸருக்குப் போக வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வைத்திருப்போரின் நிலையில் வேகத்தைத் தாண்டிய காரணம் ஒன்றும் உண்டு. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் அதில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அந்த வன்பொருளைக் கட்டாயமாக்கிவிட்டன. தரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்ற பழைய வழி அங்கே பலிக்காது.

அடுத்து மெமரி. 1660 சூப்பரில் 6 ஜிபி. இன்றைய பெரிய கேம்கள் 1080பியிலேயே உயர்தரத்தில் 8 ஜிபியை நிரப்பிவிடுகின்றன. மெமரி நிரம்பினால் சுவர்களும் முகங்களும் மங்கலாகவே நின்றுவிடும், அல்லது திரும்பும்போதெல்லாம் படம் திக்கும். மிகுதியான தகவலைக் கார்டு கணினியின் ரேமிலிருந்து பிசிஐஇ வழியாக இழுத்துவருவதே இதற்குக் காரணம். பி450 பலகை வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. பி450 பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 ஆகிய கார்டுகள் பிசிஐஇ இணைப்பின் பதினாறு தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துகின்றன. எட்டுத் தடம் கொண்ட பிசிஐஇ 3.0 நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபிதான் கடத்தும். புதிய பலகையில் 4.0 கடத்துவதில் இது பாதி. மெமரி நிரம்பாதவரை இழப்பு பெரிதாகத் தெரியாது. நிரம்பிய நொடியிலிருந்து, மற்றவர்கள் வெளியிடும் அளவீடுகளில் காணாத திணறலை நீங்கள் காண்பீர்கள், ஏனெனில் அவர்கள் புதிய பலகையில் சோதித்திருப்பார்கள். நான்கே தடங்கள் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை, 4 ஜிபி மெமரியோடு, இத்தகைய பலகையில் செருகுவதை எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதனால்தான் பி450 வைத்திருப்பவருக்கு 16 ஜிபி மெமரியும் பதினாறு தடங்களும் கொண்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியை முதலில் சொல்வேன். டிஎல்எஸ்எஸ் (என்விடியாவின் உருப்பெருக்கு நுட்பம்) வேண்டும் என்பவர் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யின் 16 ஜிபி வடிவத்தைப் பார்க்கலாம். அதிலும் எட்டுத் தடங்கள்தாம், ஆனால் 16 ஜிபி நிரம்புவது அரிது. இரண்டு கார்டுகளும் 8 ஜிபி வடிவத்தில் அதே பெயரில் விற்கப்படுகின்றன என்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்பேன். சீட்டில் ஜிபி எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். செலவைச் சுருக்க வேண்டியவர்கள் ஆர்எக்ஸ் 6600-ஐப் பழையதாக வாங்கலாம். ரே டிரேசிங்கில் அது பலவீனமானது என்றாலும் 132 வாட்டில் 1080பிக்கு நேர்மையாக உழைக்கும்.

இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி மெமரியோடு கவர்ச்சியான விலையில் வந்தது. அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிராசஸருக்குக் கூடுதல் சுமை தருவதால், ரைசன் 5 2600, 3600 போன்ற பழைய பிராசஸர்களோடு சேரும்போது அது பல கேம்களில் கணிசமாகப் பின்தங்குகிறது. பழைய கணினியை மலிவாகப் புதுப்பிக்க விரும்புவோரைக் கவரும் கார்டு, அவர்களுடைய கணினிக்கே பொருந்தாமல் போனது வேடிக்கைதான்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உருப்பெருக்கு நுட்பங்களைப் பற்றியும் ஒரு சொல். 1080பியில் குவாலிட்டி நிலையில் இவை உள்ளே 720பியில் வரைந்து பெரிதாக்குகின்றன. கார்டின் சுமை குறையும்; ஃபிரேம் எண்ணிக்கை ஏறும்; அதனாலேயே பிராசஸர் நொடிக்கு மேலும் அதிகக் கட்டளைகளைத் தர வேண்டியதாகும். முன்பு கார்டில் இருந்த தடை இப்போது பிராசஸருக்கு இடம் மாறியிருக்கலாம். ஆகவே இந்த நுட்பத்தை இயக்கித்தான் விளையாடுவீர்கள் என்றால், முதற்கட்ட அளவீட்டையும் அதை இயக்கியே எடுங்கள். ஃபிரேம் ஜெனரேஷன் இதிலிருந்து வேறானது. இடையில் செயற்கை ஃபிரேம்களைச் செருகிக் காட்சியை வழுவழுப்பாக்கும். மவுசை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதத்தை அது குறைக்காது. 30 ஃபிரேமில் தவிக்கும் கணினிக்கு அது மருந்தாகாது.

எஸ்எம்பிஎஸ், கேபினட், யூபிஎஸ்

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் 500 என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்க 300 வாட். பிராசஸரும் கார்டும் உண்பது அந்த 300-இலிருந்துதான். 65 வாட் ரைசன் பிராசஸர் உண்மையில் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 105 வாட் என்றால் 142 வரை. அதனுடன் கார்டின் வாட்டையும், விசிறி, டிஸ்க் முதலியவற்றுக்கு ஒரு 50-ஐயும் கூட்டி, கார்டு சிற்சில கணங்களில் தன் அளவை மீறி இழுக்கும் என்பதற்காக மேலும் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டுப் பாருங்கள். நடுத்தரக் கார்டுகளுக்கு, நம்பகமான நிறுவனத்தின் 550 வாட் போதும்.

மின்செருகியையும் எண்ணிக்கொள்ளுங்கள். பலகையின் துளை 75 வாட் தரும், எட்டு ஊசிச் செருகி 150 வாட் தரும். பழைய எஸ்எம்பிஎஸில் ஆறு ஊசி மட்டுமே இருந்தால், மாற்றுக் கம்பி போட்டு ஒப்பேற்றாமல் எஸ்எம்பிஎஸையே மாற்றுவது பாதுகாப்பு. கேபினட்டுக்குள் அளவுநாடாவை வைத்து, பின்புறத்திலிருந்து முன்விசிறி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். மூன்று விசிறிக் கார்டுகள் 300 மில்லிமீட்டரைத் தாண்டும். வீட்டு யூபிஎஸ் 600 விஏ என்றால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். மானிட்டரும் அதிலேயே இருந்தால், மின்வெட்டின்போது கேமும் சேர்ந்தே அணையும்.

பழைய கார்டு வாங்குதல்

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னணு நாணயம் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டபோது, அதுவரை அந்த நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் பெருந்திரளாகப் பழைய சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல முடியாது. விசிறியும் மெமரியின் வெப்பத் திண்டும்தான் அதில் முதலில் தேய்ந்திருக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் தனிநபரிடம் வாங்கினாலும், கார்டைக் கணினியில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று அங்கேயே திறந்து பாருங்கள். பெயர் மாற்றி எழுதப்பட்ட போலிக் கார்டுகள் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, உண்மையான ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஷேடர்கள் (கார்டின் சிறு கணக்கீட்டு அலகுகள்) இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது குறைக்கப்பட்ட வடிவம். பிறகு கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, விசிறி கரகரக்கிறதா என்று கவனியுங்கள். வரிசை எண்ணைக் கொண்டு உத்தரவாதம் மீதமிருக்கிறதா என்பதையும் தயாரிப்பாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளை, விலை எவ்வளவு குறைந்தாலும், இனி கேமுக்காக வாங்க வேண்டாம். புதிய கேம்களுக்கான டிரைவர்களை அவற்றுக்குத் தருவதை 2025 அக்டோபருடன் என்விடியா நிறுத்திவிட்டது.

மாற்றும் நாளன்று

பயாஸைப் புதுப்பிக்கும் வேலை, பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே நடக்க வேண்டும்; புதியதைச் செருகிவிட்டுப் பிறகு புதுப்பிக்கலாம் என்றால் திரையே வராது. கணினி யூபிஎஸில் இருக்கட்டும். புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் பலகையே பயனற்றுப்போகக்கூடும். அதற்கும் முன்பாக, விண்டோஸ் 11-இல் டிஸ்க் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, பிட்லாக்கர் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸரை மாற்றினால் அதற்குள் இருந்த டிபிஎம் (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) தகவல் போய்விடும், அடுத்த முறை தொடங்கும்போது விண்டோஸ் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும்.

ஏஎம்4 பிராசஸரின் ஊசிகள் பிராசஸரிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். எனக்கு அது நேர்ந்தது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் தையல் ஊசியால் ஊசிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். ஆகவே பத்து நிமிடம் கேம் ஓட்டிப் பேஸ்ட்டை இளகவைத்து, கணினியை அணைத்து மின்கம்பியை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அது விடுபட்டதை உணர்ந்த பிறகே தூக்குங்கள்.

கார்டை மாற்றும்போது, குறிப்பாக ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, டிடியு என்ற மென்பொருளால் பழைய டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். மானிட்டர் கம்பியைப் பலகையில் செருகாமல் கார்டில் செருகுங்கள். பயாஸ் புதுப்பித்தல் பழைய அமைப்புகளை எல்லாம் அழித்திருக்கும் என்பதால், எக்ஸ்எம்பியை மறுபடியும் இயக்க வேண்டும். பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் அமைப்பையும் இயக்கலாம். அதற்காகச் சிஎஸ்எம்மை (பழைய தொடக்க முறைக்கான பயாஸ் அமைப்பு) அணைக்குமுன், விண்டோஸ் உள்ள டிஸ்க் ஜிபிடி என்னும் புதிய பிரிப்பு முறையில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், இல்லையெனில் விண்டோஸ் தொடங்காது.

எல்லாம் முடிந்ததும், முதல் நாள் அளந்த அதே கேமின் அதே இடத்துக்குப் போய், அதே அமைப்புகளில் மறுபடியும் அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிராசஸரை மாற்றியபின் கார்டின் பயன்பாடு 65-லிருந்து 98-க்கு ஏறியிருந்தால், செலவு பலன் தந்துவிட்டது. அடுத்து பணம் சேரும்போது வாங்க வேண்டியது கார்டு என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது.